நீங்கள் கட்டிய படியை நாளை உடைக்கிறோம், அப்பா

என் ஆசை அப்பாவுக்கு,

அங்கேயும் மழையா? இங்கே மூன்று நாளாக விடாமல் பெய்கிறது. நம் ஊரில் இதைத் தவிர வேறு என்ன புதினம் என்று சிரிப்பீர்கள். இருக்கிறது அப்பா. நாளைக் காலை ஏழு மணிக்கு நம் கடை வாசல் படியை உடைக்கப் போகிறோம். உடைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தது நான்தான்.

கோபப்படுங்கள், பரவாயில்லை. ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள். பாதியிலேயே "சரி சரி, போதும்" என்று கையை ஆட்டுகிற பழக்கத்தை அங்கேயாவது விட்டுவிட்டீர்களா?

அந்தப் படியை ஏன் கட்டினீர்கள் என்று எனக்குத் தெரியும். தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வருகிற பெண்கள், டயகம பஸ்ஸுக்காக ரோட்டோரம் பையும் கையுமாக மழையில் நிற்பார்கள். "நம்ம கடைக்கு வர்ற ஜனம் நிக்கக் கூடாது, உக்காரணும்" என்றீர்கள். வாசலில் ஓடிய மழைத்தண்ணிக் கானை மூடி, பத்துப் பேர் தாராளமாக உட்காருகிற மாதிரி சிமெண்டுப் படி போட்டீர்கள். தண்ணீர் போவதற்கு அடியில் ஒரு சாண் அகலக் குழாய். அது போதும் என்று நீங்களும் நினைத்தீர்கள், கட்டின மேசன் பாஸும் நினைத்தார். போதாது என்று சொல்ல அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

நகர மழைநீர் வடிகால் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது, கொழும்புக்குப் போகிறேன் என்று நான் சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா? என்னிடம் பேசாமல் அம்மாவிடம் பேசினீர்கள். "கான் வெட்டுறதுக்கு ஒரு படிப்பாம்! அதுக்குக் கொழும்பு வேறயாம்! டீச்சர் வேலைக்குப் போன்னா கேக்குறாளா பாரு உன் மக." மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்காம் நாள் பஸ் ஏறும்போது ஒரு பார்சலைக் கையில் திணித்தீர்கள். உள்ளே ரப்பர் பூட்ஸ், ஆம்பிளை அளவில். "பொம்பளப் பிள்ளைக்கு அளவா எவன் விக்கிறான் இந்த டவுன்ல? பேப்பர அடைச்சுப் போட்டுக்க" என்றீர்கள். ஹட்டன் தாண்டும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். உங்களிடம் சொன்னதில்லை.

பாடமெல்லாம் சிங்களத்தில். முதல் மாதம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மழையை அளப்பது, எந்தக் கூரையிலிருந்தும் எந்த ரோட்டிலிருந்தும் எவ்வளவு தண்ணீர் வந்து சேரும் என்று பார்ப்பது, சரிவுக்கு மட்டம் பிடிப்பது, அதற்குத் தக்க கான் எவ்வளவு அகலம் வேண்டும் என்று வரைவது. மெல்ல மெல்லப் பிடிபட்டது. எங்கள் மிஸ் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: தண்ணீர் நிற்கிற இடத்தில் கோளாறு இருக்காது, அதற்குக் கீழே எங்கேயோ இருக்கும், இறங்கிப் போய்த் தேடுங்கள். அதைக் கொப்பியில் எழுதியபோது சாதாரணமாகத்தான் எழுதினேன்.

பயிற்சி உத்தியோகத்தராக நம் நகர சபைக்கே நான் வந்து சேர்ந்தபோது நீங்கள் இல்லை. வருட முடிவில் ஒரு கானை முழுவதும் ஆராய்ந்து அறிக்கை கொடுக்க வேண்டும். அது சரியாக இருந்தால்தான் வேலை நிரந்தரம். எனக்குக் கொடுத்தது எதை என்று நினைக்கிறீர்கள்? நம் கடைவீதிக் கானை!

நமக்கு மேல்பக்கம் தையல்கடை ராசாத்தி அக்காவை மறந்திருக்க மாட்டீர்கள். ரோட்டில் மேலே இருந்தாலும் அவருடைய தரை நம் தரையைவிட ஒரு முழம் பள்ளம். கொஞ்சம் பலத்த மழை என்றாலும் உள்ளே தண்ணீர். தைத்து வைத்த ஸ்கூல் யூனிஃபார்மெல்லாம் நனைந்துபோய், அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு தடவையும் மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக ஓடியது நீங்கள்தான். "பாவம், அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று புலம்பிக்கொண்டே வீட்டுக்கு வருவீர்கள்.

ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும்.

தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்க அதில் சாயம் கலந்து விடுவோம். கையில் சாயம் இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் இருந்தன. இரண்டு வாளி ஆலத்தி கரைத்து, தூறல் நேரமாகப் பார்த்து, கோயில் முடுக்கில் கானுக்குள் ஊற்றிவிட்டுக் கூடவே நடந்தேன். சிவப்பு சரசரவென்று இறங்கி வந்தது. ராசாத்தி அக்கா வாசலில் நின்றது. நின்று, மேலே ஏறியது. நம் படிக்குக் கீழே குழாயிலிருந்து நூல் மாதிரிதான் ஒழுகியது. அந்த நூலைப் பார்த்துவிட்டுத் தம்பி சேகர் கடையிலிருந்து பாய்ந்து வந்தான்.

"எந்தப் பாவிடா நம்ம வாசல்ல ஆலத்தியக் கொட்டினது? கண்ணு பட்டது பத்தாதுன்னு சூனியம் வேற வைக்கிறீங்களா?" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் எலுமிச்சம்பழமும் சூடமும் எடுத்து வந்துவிட்டான்.

"கத்தாதடா, நான்தான் ஊத்தினேன்" என்றேன்.

என்னோடு வந்த சபை வேலையாட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிவப்பைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. தண்ணீரை அடைத்ததும் நீங்கள்தான், மூட்டையோடு ஓடியதும் நீங்கள்தான். ஐயோ அப்பா.

அறிக்கையில் 'அடைப்புக்குக் காரணம்' என்று ஓர் இடம் இருக்கிறது. முதலில் 'குப்பை, மண்' என்று எழுதினேன். பொய்யும் இல்லை, குழாய்க்குள் இரண்டும் இருந்தன. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. இதற்கா சிங்களத்தில் முட்டி மோதிப் படித்தேன்? கிழித்துப் போட்டேன். கடை இலக்கத்தையும் படியின் அகலத்தையும் எழுதி, உங்கள் பெயரையும் எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

அம்மா தாங்கவில்லை. "செத்தவரு மேல பழி போடுறியாடி? படி மேல உக்காந்து எத்தன பேரு அவர வாழ்த்தியிருக்காங்க! அத எழுதினியா?" என்று கேட்டார். சேகர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். சாப்பாட்டைத் தட்டில் போட்டு என் பக்கம் தள்ளிவிடுவதோடு சரி.

ராசாத்தி அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். வேறு யார் சொல்லியும் அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டார். கோத்து முடித்தபின்தான் நிமிர்ந்தார்.

"மொதலாளி தெரிஞ்சு செஞ்சிருக்க மாட்டாரும்மா. சாமி மாதிரி மனுசன்" என்றார். ஊசியைத் துணியில் குத்திவிட்டு, "ஆனா ஒடச்சிரும்மா" என்றார்.

சபையிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. வேலையாட்களோ பின்வாங்கினார்கள். "மொதலாளி படி மிஸ். மழையில எங்களையும் உக்கார வச்சு டீ குடுத்தவரு. எங்க கையால முடியாது" என்றார்கள். உங்கள் பெயருக்கு இன்னும் அவ்வளவு மரியாதை, சந்தோஷப்படுங்கள். எனக்கு அன்று தலைவலிதான் மிச்சம்.

நேற்று சாயங்காலம் மழை வலுத்தது. சேகர் தலவாக்கலைக்குச் சரக்கெடுக்கப் போயிருந்தான். அம்மா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, உங்கள் மணல் மூட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு ராசாத்தி அக்கா கடைக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. அக்காவின் மகள் கொப்பிகளைத் தலையில் வைத்துக்கொண்டு மேசைமேல் நின்றாள். அம்மா அவளைப் பார்த்தார். திரும்பி நம் படியைப் பார்த்தார். அங்கே நான்கு பெண்கள் கால் நனையாமல் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே அம்மா சொன்னார்: "உங்கப்பா போட்ட படிய வேற எவனும் ஒடைக்கக் கூடாது. மொத அடி நீ அடி."

அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நானும் போய் அவர் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டேன்.

போன வாரம் டயகமவிலிருந்து சாமான் வாங்க வந்த ஒரு பிள்ளை, என் பூட்ஸைப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தக் கான் படிப்புல எப்படிச் சேர்றது?" என்று கேட்டாள். உங்கள் படியில்தான் உட்கார வைத்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அந்தப் படியில் நடந்த கடைசி நல்ல காரியம் அதுவாக இருக்கட்டும்.

இனி நான் கொடுக்கிற வாக்கைக் கேளுங்கள். அடியில் கான் முழு அகலத்துக்கு ஓடும். அதன்மேல் தூக்கித் துப்புரவு செய்யக்கூடிய இரும்புச் சட்டம். சுவரோரமாகப் பத்துப் பேருக்குக் குறையாமல் உட்கார ஒரு பெஞ்சு. வரைந்தாகிவிட்டது, சபையும் ஒப்புக்கொண்டுவிட்டது. உங்கள் ஜனம் நிற்காது அப்பா. தண்ணீரும் நிற்காது. அடுத்த மழைக்கு நம் வீட்டிலிருந்து யாரும் மூட்டை தூக்க வேண்டியிருக்காது.

நாளைக்கு அடி விழும்போது உங்களுக்கு வலிக்குமா? வலித்தால் என்னைத் திட்டுங்கள், என் கூலியாட்களைத் திட்டாதீர்கள். காலையில் போட்டுக்கொள்ள பூட்ஸைத் துடைத்து வைத்திருக்கிறேன். இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது. உள்ளே அடைக்கப் பேப்பர் தேடினேன். வாசலில் மடித்து வைத்திருந்தது. அம்மா வைக்கவில்லை என்கிறார். சேகர்தான்.

கையில் சுத்தியலும் நெஞ்சில் நீங்களுமாக,
உங்கள் மூத்த மகள்,
சாந்தி