கூடைக்குள் காத்திருந்த மிக்சர்

இன்று காலை நம் மகள் வயர் இல்லாத வாக்குவம் கிளீனர் ஒன்றை வாங்கி வந்து கூடத்தில் ஓட்டினாள். மோட்டார் சூடானதும் ஒரு வாசனை வந்தது பார், புது பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்து! அவ்வளவுதான், நான் இந்த வீட்டிலேயே இல்லை. திருவள்ளூரில் உன் அப்பா வீட்டுச் சிவப்புத் தரையில், பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். நீ போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நான் உன்னைப் பெண் பார்க்க வந்த கதைதான். நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாயே, நான் சொல்வதையும் ஒரு தடவை கேள்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து என் அம்மா, அக்கா, அக்காவின் மூன்று வயதுப் பையன், நான், நாலு பேரும் மதியமே வந்திருக்க வேண்டியது. சோழவரம் தாண்டியதும் பஸ் பஞ்சர். வந்து சேர்ந்தபோது உன் வீட்டில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. நல்ல நேரம் போய்விட்டதே என்று என் அம்மா வாசலிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கோ உன்னைப் பார்த்ததும் பஞ்சரும் தெரியவில்லை, நேரமும் தெரியவில்லை. ரோலிங் மில்லில் இரும்போடு மாரடிக்கிற எனக்கு இந்தப் பெண் சம்மதம் சொல்ல வேண்டுமே என்ற ஒரே கவலைதான்.

அப்போதுதான் அக்கா பையன் மிக்சர் தட்டை உதைத்தான். ஓமப்பொடியும் வேர்க்கடலையும் தரை முழுக்க ஓடின. உன் அம்மா துடைப்பத்தை எடுக்கப் போனார். என் அம்மா போட்டாள் ஒரு சத்தம்: "விளக்கு வெச்ச ஊட்ல, நல்ல காரியத்துக்கு வந்த நேரத்துல, தொடப்பத்த எடுக்கறீங்களே!" பாவம், உன் அம்மா நடுவழியிலேயே நின்றுவிட்டார்.

"தொடப்பம் வாணாம் அத்த, மெஷின் கீது" என்று நீ எழுந்து போய், கையில் அடங்குகிற வாக்குவம் கிளீனர் ஒன்றைக் கொண்டு வந்தாய். காக்களூர் எஸ்டேட்டில் அதைச் செய்யும் சின்னக் கம்பெனியில், ஓட்டிச் சோதிக்கும் வேலை உனக்கு. அங்கே கம்பளத்தில் சலித்த மணலைத் தூவி, எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பார்களாம். "நம்ம ஊட்ல எவன் கம்பளம் விரிச்சிக்கீறான்? கோரப்பாய் சந்துல கோலமாவு, கட்டிலடில தலமுடி, அதுல ஓடுனாதான் ஓடுனதா கணக்கு" என்று மேனேஜரிடம் சண்டை போட்டு, ஒரு வாரத்துக்கு வீட்டுக்கே எடுத்து வந்திருந்தாய். இதையும் எங்களுக்கு நீயே விளக்கினாய். வெட்கமாவது ஒன்றாவது!

அதோடு விட்டாயா? மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு என் அக்காவைக் கேட்டாய்: "தட்டுல மிக்சர் எவ்ளோ இருந்துச்சு?"

கொட்டினதில் எவ்வளவு உள்ளே போகிறது என்று நீ நிறுத்துப் பார்க்க வேண்டும். அது உனக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியுமா? என் அம்மா என் காதோரம் குனிந்து, "மிக்சருக்கே கணக்கு கேக்கறாளே, நீ நாலு இட்லி துன்னா வுடுவாளா?" என்றாள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

மெஷின் உர்ரென்று ஓடியது. கடலையெல்லாம் கடகடவென்று உள்ளே போயிற்று. "இதுவும் பெருக்கறதுதானே? லட்சுமி போயிட மாட்டா?" என்று இழுத்தாள் என் அம்மா. "எங்க போவா, டப்பாக்குள்ளதான் கீறா" என்றார் உன் அப்பா. அக்கா பக்கென்று சிரித்தாள். என் அம்மாவின் உதடும் லேசாக அசைந்த நேரம் பார்த்து, மெஷின் முனகிக்கொண்டே நின்றுவிட்டது. பாதி மிக்சர் தரையிலேயே கிடந்தது.

உனக்கானால் முகமெல்லாம் சிரிப்பு. "நான் சொன்னேன்ல! காலைலேர்ந்து ஊட்ட சுத்தம் பண்ணா சாயங்காலம் பேட்டரி தாங்காது. விக்கற டப்பா மேல இவ்ளோ நேரம் ஓடும்னு போட்டது தப்புன்னு மேனேஜராண்ட சொல்லிக்கினே கீறேன்!"

என் அம்மா எழுந்துவிட்டாள். "ஓடிக்கினு இருந்தது நின்னுபோச்சு. சகுனம் சரியில்ல. கெளம்புடா."

என் அம்மா ஒன்று சொன்னால் அப்புறம் பேச்சே கிடையாது. நானும் அதுவரை மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, உன்னைக் கேட்டேன்.

"இது திரும்ப சார்ஜ் ஏற எவ்ளோ நேரம் ஆவும்?"

"ராத்திரி பூரா."

"அப்ப நாளைக்கு வரேன். மீதிய பாக்கணும்."

அப்போதுதான் நீ என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாய்.

மறுநாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தனியாகப் போனால் அசிங்கம் என்று புலம்பிக்கொண்டே என் அம்மாவும் கூட வந்தாள். வந்து பார்த்தால், மிச்ச மிக்சரை அப்படியே தரையில் விட்டு, மேலே ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்திருக்கிறாய்! ஒரு கடலையைக்கூட யாரையும் தொட விடவில்லையாம். கூடையைத் தூக்கினால் எறும்புப் பட்டாளம். மெஷின் எறும்பும் மிக்சருமாக மொத்தத்தையும் இழுத்து முடித்தது. என் அம்மாவுக்கு வந்ததே ஒரு சிரிப்பு, புடவைத் தலைப்பை வாயில் அடைத்தும் நிற்கவில்லை. "நின்னது ஓடிச்சிடா. தட்டு எப்ப மாத்தலாம்னு கேளு" என்றாள்.

அப்புறம் கம்பெனியும் டப்பாவின் மேல் நேரத்தைக் குறைத்து அச்சடித்தது. கல்யாணத்தைவிட அதற்குத்தான் நீ அதிகம் சந்தோஷப்பட்டாய் என்று எத்தனை தடவை உன்னைச் சீண்டியிருப்பேன்! "பின்ன இன்னா? அது ஊருக்கே நல்லது. நீ எனக்கு மட்டும்தானே" என்பாய்.

இன்று நான் கடைக்குப் போய் மிக்சர் வாங்கி வந்து கூடத்தில் கொட்டினேன். "ஐயோ நைனா, இன்னா பண்ற?" என்று அலறினாள் மகள். புது மெஷின் துளிகூடத் திணறவில்லை. விட்டால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் முடித்துவிடும் போலிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, உன்னிடம் மறைப்பானேன். பாதியில் நானே பட்டனை அழுத்தி நிறுத்தினேன். சமையலறையிலிருந்து கூடையை எடுத்து வந்து கவிழ்த்தேன்.

"சார்ஜ் ஃபுல்லா கீதே நைனா, ஏன் நிறுத்திட்ட?"

"இருக்கட்டும்மா. மீதிய நாளைக்கு பாக்கலாம்."