சோறு இல்லாத கடிதங்கள்

இந்த வருஷம் மாம்பழ ஃபேக்டரிகளைச் சீக்கிரமே திறந்துவிட்டார்கள். காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால் தெருவே வெல்லம் காய்ச்சுகிற மாதிரி மணக்கிறது. எனக்கு அந்த வாசனை ஆகாது என்று உனக்குத் தெரியும். சீசன் சீசனாகத் தோத்தாபுரி மாம்பழத்தைக் கழுவிப் பொறுக்கினவளுக்கு அது எப்படிப் பிடிக்கும்? ஆனால் இன்றைக்கு மூக்கைப் பொத்தாமல் கொஞ்ச நேரம் நின்றேன். நீ செத்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. நேற்று உன் வீட்டுக்காரர் வந்து பேசிவிட்டுப் போனதிலிருந்து எனக்கு எல்லாமே கொஞ்சம் பிடித்திருக்கிறது.

அந்தப் பழ மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோதுதான் நாம் இரண்டு பேரும் கதை எழுத ஆரம்பித்தோம். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்தை வேலூர் பஸ் போர்டிலும் பொட்டலம் கட்டி வந்த பத்திரிகைத் தாளிலும் எழுத்துக் கூட்டித்தான் கற்றுக்கொண்டோம். அந்தத் தமிழை வைத்துக்கொண்டு மெட்ராஸ் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பினோம் என்றால் எவ்வளவு துணிச்சல் பார்.

நம்முடைய பள்ளிக்கூடம், புத்தலப்பட்டு ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகிற பஸ்தான். சித்தூரில் ஏறினால் புத்தலப்பட்டில் இறங்குவதற்குள் ஒருத்தி ஒரு கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். கேட்கிறவள் வாயைத் திறக்கக் கூடாது. அலுப்புத் தட்டினால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். முகம் திரும்பிய இடத்தில் கதை செத்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தை வெட்டிவிட்டு மறுநாள் திரும்பச் சொல்ல வேண்டும்.

நீ ஈவு இரக்கம் இல்லாமல் திரும்புவாய். நான் சூரியன் உதிக்கிறதிலிருந்து தொடங்குவேன். ஊர், தெரு, கதாநாயகியின் குடும்பம், அவள் அக்கா யாரைக் கட்டிக்கொண்டாள் என்று போகும். டிக்கெட் கொடுக்கக் கண்டக்டர் வருவதற்குள் உன் முகம் ஜன்னலில் இருக்கும். இறங்கின பிறகுதான் திட்டுவாய். "கத கெளம்பினப்புறம் ஏறுடி. ஒரு மணி நேரம் முன்னாடியே ஏறி உக்காந்துக்கினு எங்களையும் இன்னாத்துக்கு உக்கார வெக்கிற?"

முடிவிலும் விட மாட்டாய். புருஷன் விட்டுப் போன ஒருத்தியைப் பற்றி நான் எழுதிய கதையில், கடைசியில் அவள் ஏன் அழுதாள் என்று அரைப் பக்கம் விளக்கியிருந்தேன். நீ சொன்னாய்: "வலிக்கிற எடத்த நீ தொடாத. அதுக்குப் பக்கத்துல இன்னா கீதுன்னு காட்டு. படிக்கிறவ தானே தொட்டுப் பாத்துக்குவா." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உன் கதை ஒன்று அச்சாகிவிட்டது, என்னுடையவை எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தன. பொறாமைதான், இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

உன் கதைகளில் எப்போதும் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அண்ணன் தம்பி சண்டை ஒரு கரண்டி குழம்பில் தொடங்கும். திருப்பதி மலைக்கு நடந்து போகிறவனைப் பற்றி எழுதினாலும், எந்தப் படியில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தான் என்பது வந்துவிடும். மனிதர்களைப் பார்க்க உனக்கு அதுதான் வழி.

அப்புறம் குவைத் காலம் வந்தது. திருப்பதியில் மூலைக்கு மூலை ஏஜெண்டுகள் முளைத்தார்கள். தெருவுக்கு ஒரு பெண்ணாவது வீட்டு வேலைக்கு விமானம் ஏறினாள். நீயும் கிளம்பினாய். உன் மகளுக்கு அப்போது மூன்று வயது. எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "ஊரார் தோப்புப் பழத்தயே எத்தினி நாளிக்குப் பொறுக்கறது? நமக்குன்னு நாலு மரம் வேணாமாடி?" என்றாய்.

உன் வீட்டுக்காரருக்கு வீட்டில் பேச்சு தமிழ்தான், ஆனால் படிக்கத் தெரிந்தது தெலுங்கு மட்டும். உன் கடிதமோ தமிழில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார், நான் படித்துக் காட்டினேன். மகராசி, குவைத்துக்குப் போயும் எழுத்தாளர் பவிசை விடவில்லை பார் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். வீட்டில் எத்தனை ஜன்னல், எந்தெந்த நிறத் திரைச்சீலை, கால் புதைகிற கம்பளம், பேசுகிற பொம்மை என்று விவரித்திருந்தாய். அவர் வாயெல்லாம் பல்லாகக் கேட்டார். இரண்டாவது கடிதத்தில் வீட்டம்மாவின் சென்ட் பாட்டில்கள், மூன்று கார்கள். மூன்றாவதிலும் அதே ரகம்.

மூன்றாவதைப் படித்து மடிக்கும்போது எதுவோ உறுத்தியது. பழைய இரண்டையும் கொண்டுவரச் சொல்லி மூன்றையும் சேர்த்துப் படித்தேன். யாருமே ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. நீ என்ன சமைத்தாய், அவர்கள் என்ன தின்றார்கள், உனக்கு என்ன கொடுத்தார்கள், ஒரு வரி இல்லை. அவ்வளவு பெரிய வீட்டில் அடுப்பே இல்லாத மாதிரி எழுதியிருந்தாய்.

"அண்ணா, அவளுக்கு அங்க சோறு இல்ல" என்றேன்.

"நல்லாத்தானம்மா எழுதிக்கினு கீது. நீ இன்னா, கதையாட்டம் பேசற?"

அழுதேன், சண்டை போட்டேன். அவரை இழுத்துக்கொண்டு திருப்பதிக்கு இரண்டு தடவை ஏஜெண்டிடம் போனேன். அவன் பிடி கொடுக்கவில்லை. வடமாலபேட்டையில் ஒரு வீட்டுப் பையன் குவைத்தில் லாரி ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டு, அங்கே போய் அவன் அம்மா கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அந்தப் பையன் யாரைப் பார்த்தான், என்ன பேசினான் தெரியாது. இரண்டு மாதத்தில் நீ வந்து இறங்கினாய்.

தெருவே திரண்டு நின்றது. புதுப் புடவை கட்டியிருந்தாய். நான் பயந்த மாதிரி துரும்பாக இல்லை. கொஞ்சம் வெளுத்திருந்தாய், அவ்வளவுதான். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னாய்: "எதுக்கு இம்மாம் அவசரமா கூப்ட்டீங்க? நல்லாத்தான இருந்தேன்."

அன்றைக்குச் செத்தேன். கதை எழுதுகிறவள் பேச்சைக் கேட்டு வந்த லட்சுமியைத் துரத்திவிட்டார்கள் என்று தெரு பேசியது. நீ வாங்க நினைத்த நாலு மரத்தை வேறு யாரோ வாங்கினார்கள். நீ பழைய மேஜைக்கே வந்து என் பக்கத்தில் நின்றாய், பழையபடியே சிரித்தாய். குவைத்தைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. பஸ்ஸில் ஒரு நாள் "இன்னாடி, கத இல்லியா?" என்றாய். தலைவலி என்றேன். அந்தத் தலைவலி எத்தனையோ வருஷம் நீடித்தது. கடிதத்தைக் கடிதமாகப் படிக்கத் தெரியாமல் கதையாகப் படித்து உன் தோப்பைக் கெடுத்தவள் என்று என்னை நானே முடிவு கட்டிவிட்டேன். பேனாவை மூடி வைத்தேன். அதோடு, யாராவது நன்றாக இருக்கிறேன் என்றால் நன்றாக இருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளப் பழகினேன். ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது குவைத்தைப் பற்றிய கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

நேற்று உன் திதிக்குச் சொல்ல உன் வீட்டுக்காரர் வந்தார். காபி கொடுத்தேன். என்னையும் அறியாமல் வாயில் வந்துவிட்டது. "அன்னிக்கு அவளத் திரும்பக் கூப்ட வெச்சது என் தப்புதான், அண்ணா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தப்பா? இன்னாம்மா சொல்ற? அங்க அதுக்கு ஒரு வேள சோறு. அதுவும் மிச்சம் மீதி. ரூம்ல வெச்சுப் பூட்டிடுவாங்களாம்."

அவரே சொல்லிக்கொண்டு போனார். "மொத லெட்டர் தெலுங்குலதான் வந்திச்சு. போய்ச் சேந்தேன்னு நாலு வரி, நானே படிச்சேன். ரெண்டாவது லெட்டரும் தெலுங்குதான், உள்ளத உள்ளபடி எழுதிச்சாம். எந்த பாஷன்னாலும் ஆள வெச்சுப் படிச்சுக் கேட்டுட்டுத்தான் வீட்டம்மா ஒட்ட வுடுவாளாம். சமையலுக்குக் கடப்பாக்கார அம்மா ஒருத்தி இருந்தா, அவ படிச்சுச் சொல்லிட்டா. மூஞ்சிக்கு முன்னாடியே கிழிச்சுப் போட்டாங்களாம். அதுக்கப்புறந்தான் தமிழ்ல எழுதிச்சு."

"தமிழ் படிக்க அங்க ஆள் இல்லியா?"

"டிரைவர் ஒருத்தன் இருந்தான், அவன் படிச்சுக் காட்டுவான். ஆனா தமிழ்ல வந்தா நான் உன்னண்டதான எத்துக்கினு வரணும்? அதுக்குத்தாம்மா."

இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன். தெரு முன்னால் தலை குனியக் கூடாது என்று மகள் தலையில் கை வைக்கச் சொல்லி அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய். என்னிடம்கூடவா என்றேன். "நானும் அதத்தான் கேட்டேன். 'அவதான் படிச்சுட்டாளே, படிச்சவகிட்ட போயி விளக்கம் சொல்றதா'ன்னு சிரிச்சிச்சு" என்றார்.

அவர் போன பிறகு உட்கார்ந்து அழுதேன். நிம்மதியில் வந்த அழுகை. தோளில் இருந்த தண்ணீர்க் குடத்தை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி உடம்பே லேசாகிவிட்டது. உன் மேல் கோபமும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். என்னை அவ்வளவு கெட்டிக்காரி என்று யார் உன்னை நம்பச் சொன்னது? மூன்று கடிதத்தைச் சரியாகப் படித்தவள், நீ நேரில் சொன்ன ஒரு வரியைக் கோட்டை விட்டேன். "நல்லாத்தான இருந்தேன்" என்பது தெருவுக்குச் சொன்னது. நான் தெருவோடு தெருவாக நின்று அதை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். கதை யாருக்குச் சொல்லப்படுகிறது என்று பார்க்கத் தவறினேன். பஸ்ஸில் இதை நீ எனக்குச் சொல்லித் தரவில்லை.

இன்று மத்தியானம் என் மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். கல்யாணமாகி எட்டு மாதம். புது ஃபிளாட், லிஃப்ட், பால்கனியில் வைத்த ரோஜாச் செடி, ஆபீஸ் கேப் என்று பத்து நிமிஷம் மூச்சுவிடாமல் பேசினாள். மாப்பிள்ளை பேச்சு ஒரு தடவைகூட வரவில்லை. போன மாதமும் வரவில்லை. அப்போது எனக்கு உறுத்தாமல் இல்லை, நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். இன்றைக்கு இருக்க முடியவில்லை.

"அவரு எப்படிம்மா கீறாரு?"

சின்னக் குரலில், "நீ ஒரு தபா வந்துட்டுப் போயேம்மா" என்றாள்.

காலை ஆறு மணிக்கு பஸ். பையில் துணி எடுத்து வைத்துவிட்டேன். உன் திதிக்குள் திரும்பிவிடுவேன். நான் நினைப்பது தப்பாக இருந்தால் அசடு வழியச் சிரித்துவிட்டு, மகளோடு இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன். கேட்காமல் மட்டும் இனிமேல் இருக்க மாட்டேன்.