மூன்று பேருக்கு ஏழு சீட்டு

அன்புள்ள வாலு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், தாத்தாவின் முழங்காலைத் தவிர. அதை விசாரிப்பதை நாங்களே விட்டுவிட்டோம். நீ சௌக்கியம் என்று நீயே சொல்கிறாய். வீடியோவில் கன்னம் ஒட்டித் தெரிகிறதே என்றால் கேமரா கோணம் என்கிறாய். இருக்கட்டும், கேமராவுக்காகவாவது வேளைக்குச் சாப்பிடு. இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்த வீட்டில் போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்லி தாத்தா கட்டளையிடுவார், கணினியில் எழுதினால் உன் அப்பா கண்ணாடியைத் தேடும் சாக்கில் பின்னால் வந்து நிற்பார். இதில் இருப்பது உனக்கு மட்டும். ஆய்வுக்கூடத்தில் சாப்பாட்டு இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் உன் மின்னஞ்சலுக்குப் பதில். வண்டி வாங்கியாகிவிட்டது. சின்ன வண்டியைக் கொடுத்துவிட்டு மூன்று வரிசை வண்டியாகவே எடுத்துவிட்டோம், வாசலில் நிற்கிறது, திருப்பிக் கொடுக்கும் உத்தேசம் இல்லை. நீ போட்டு அனுப்பிய அட்டவணை நன்றாக இருந்தது, பெட்ரோல், நிறுத்தும் இடம், டயர் விலை, புகை என்று ஒன்றையும் விடவில்லை, யார் பெண் என்று நினைத்துக்கொண்டேன். புகைக் கணக்கில் நீ சொல்வது சரி, அதற்காகவே வேலைக்கு ஆபீஸ் பஸ்ஸில் போக ஆரம்பித்துவிட்டேன். மற்றபடி நீ தனியாக இல்லை, இந்த வண்டியை எதிர்க்காதவர் ஒருவரும் இல்லை. உன் அப்பா, நாம என்ன பஸ் கம்பெனியா நடத்துறோம் என்றார். உன் சித்தப்பா டயர் கடை வைத்த நாளிலிருந்து வண்டி வாங்கும் உலகமே தன்னைக் கேட்டுத்தான் நடக்கிறது என்று நினைப்பவர், அவர் வேலையை விட்டுவிட்டு வந்து, "அண்ணி, இது பெரிய வண்டி இல்ல, பெரிய தலைவலி. அந்த மூணாவது வரிசைய வருஷத்துக்கு ஒரு தடவ விரிப்பீங்க, அதுவும் வெங்காய மூட்டை வைக்க" என்று ஒரு டம்ளர் காபி ஆறும்வரை பேசினார். தாத்தா, "நான் காலைத்தாம்மா நீட்டணும்னு சொன்னேன், வண்டியை இல்ல" என்றார். பக்கத்து வீட்டு பேங்க் மேனேஜர் மதில் மேல் முகத்தை வைத்துக்கொண்டு லாரி ஏதும் வாங்குறீங்களா என்று கேட்டார், ஆமாம் சார், வீடு மாத்தும்போது சொல்லுங்க, வாடகை குறைச்சுக்கறேன் என்றேன். என்னோடு வேலை செய்யும் பெண்கள் மேடத்துக்கு இப்பதான் ஆசை வந்திருக்கு என்று சிரித்தார்கள். இத்தனை வயதுவரை ஜம்பக்காரி என்று பெயர் வாங்காதவள், ஒரே மாதத்தில் வாங்கிவிட்டேன். எல்லோரையும்விட அதிகமாக எதிர்த்தது உன் அத்தை. இந்த வீட்டில் எதற்கும் வாய் திறக்காதவள், "ஆள் இல்லாத வண்டிய வாசல்ல நிறுத்தினா ஊரு சிரிக்கும். பழசுக்கு என்ன குறைச்சல்?" என்று தட்டைச் சத்தம் வரும்படி வைத்தாள்.

நான் யாருக்கும் காரணம் சொல்லவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நீ உன் மின்னஞ்சலில் ஒரு வரி எழுதியிருந்தாய், அத்தைக்குத்தான் வண்டி ஒத்துக்காதே, அப்புறம் மூணு பேருக்கு ஏழு சீட்டா என்று. உன்னோடு எனக்கு வேறு சண்டை இல்லை, அந்த மூன்றோடுதான் சண்டை. அத்தையோடு சேர்த்து வீட்டில் இருப்பது நான்கு பேர். நீயும் உன் அப்பாவும் சித்தப்பாவும் மட்டுமல்ல, நானும் பல வருடங்களாக மூன்று என்றே எண்ணிக்கொண்டிருந்தேன், அவள் எதிரிலேயே. படிக்கிற கண்ணாடி போடவேண்டியிருந்ததால் அத்தை வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். அன்று அவளுக்கு ஜலதோஷம், வேலைக்குப் போகவில்லை. ஃபிரேமில் கண்ணாடி பொருத்தும் பெண் என்னைப் பார்த்ததும், "உங்க நாத்தனாரு இல்லன்னா அன்னைக்கு எங்க கதி அதோகதிதான் மேடம்" என்று ஆரம்பித்தாள். கடை ஆட்கள் எல்லோரும் வேன் வைத்துக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறார்கள். வளைவு வளைவாக ஏறி இறங்குவதற்குள் முதலாளி உட்பட பாதிப் பேருக்கு வாந்தி. "கடைசி சீட்டுல அவங்க ஒருத்தங்கதான் கல்லுக் குண்டாட்டம் உக்காந்திருந்தாங்க. எல்லாருக்கும் பையப் பிடிச்சதும் அவங்கதான். ஒரு கையில பை, ஒரு கையில பிஸ்கட்டு. எப்படிக்கா சாப்பிடறீங்கன்னு கேட்டா, பசிக்குதுடிங்கறாங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கடையில் சரக்கெல்லாம் எண்ணவேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவள் போன ஞாயிற்றுக்கிழமை அது.

ஒரு தடவை வந்த முடிவை நம்பி எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்பதற்காகத்தான் மருந்துகளைப் பரிசோதிக்கும் இடத்தில் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அதனால் யோசித்துப் பார்த்தேன். தினமும் கூட்ட நெரிசலில் பஸ்ஸில் நின்றுகொண்டே வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்து முடித்துவிட்டு இறங்குகிறவளுக்கு நம் வண்டியில் மட்டும் எப்படித் தலை சுற்றும்? தாத்தாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி முதல் தடவை வெளியே கிளம்பிய நாளை நினைத்துப் பார். அவர் பின்சீட்டில் காலை நீட்டினார், மிச்சத்தில் நீ உட்கார்ந்தாய், அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு இப்பல்லாம் வண்டி ஒத்துக்கறதில்ல" என்றாள். எப்போதிலிருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை, வண்டி கிளம்பிவிட்டது. அன்று ஒரு நாளைக்குச் சொன்னதை நாம் அவளுக்கு வியாதியாகவே எழுதிவிட்டோம். உறவுக்காரர்கள் அவளுக்கு எலுமிச்சம்பழம் முகரச் சொல்லி வைத்தியம் சொன்னார்கள், அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நீ விமானம் ஏறப் போன அன்று உனக்குத் தலை பின்னிவிட்ட கை, நீ பழகிய காலத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உன் பின்னாலேயே தெருவெல்லாம் ஓடிய கை, நம் வீட்டு கேட்டைத் தாண்டவில்லை. அவளுக்கு வண்டி ஒத்துக்காது என்று நாமே ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னோம்.

அவளிடமே கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டால் என்ன ஆகும்? என்னைவிட மூத்தவளை நிற்கவைத்து, இத்தனை நாள் சொன்னது பொய்தானே என்று ஒத்துக்கொள்ள வைக்கவேண்டும். அவள் விட்டுக்கொடுத்தது போதாதென்று அதற்கு ஒரு விசாரணையா. தாத்தா வராத ஒரு நாள் பின்சீட்டு முழுக்கக் காலியாக இருக்க, வாங்கக்கா, சும்மா ஒரு சுற்று என்று கூப்பிட்டும் பார்த்தேன். எனக்கு ஒத்துக்காதேம்மா என்றாள். சரிதான், அதே வண்டியில் ஏறினால் அவள் வார்த்தை அவளையே திருப்பிக் கேட்கும். அப்படியானால் வண்டியைத்தான் மாற்றவேண்டும். சின்னதாகவே வேறொன்று வாங்கக்கூடாதா என்று அடுத்த அட்டவணை போடாதே. நீ லீவுக்கு வந்தால் ஐந்து பேர், தாத்தாவின் கால் ஒன்று. இடம் போதாவிட்டால் யாருக்காவது வண்டி ஒத்துக்காமல் போகவேண்டும், அது யாருக்கு என்று எனக்கும் தெரியும் உனக்கும் தெரியும்.

ஷோரூமில் நடந்ததை அப்பா உன்னிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பார். டை கட்டிய பையன் எல்லாவற்றையும் அப்பாவிடமே விளக்கினான், என்னிடம் எந்த கலர் மேடம் என்று மட்டும் கேட்டான். ஓட்டிப் பார்க்கச் சாவியைக் கொடுத்தபோது, இவரே ஓட்டட்டும் என்று சொல்லிவிட்டு நான் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். "மேடம், அது சின்னப் பசங்களுக்கு மேடம், பெரியவங்க யாரும் அங்க உக்காந்து பாக்கமாட்டாங்க" என்று பதறினான். அப்போ ஏழு பேர்னு ஏம்பா போட்டிருக்கீங்க, அஞ்சு பேரு ரெண்டு பொம்மைன்னு போடலாமே என்றேன். உன் அப்பா தரையில் போட்ட கல்லைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். முதலில் பார்த்த வண்டியில் முழங்கால் மூக்கைத் தொட்டது, அடுத்ததில் காற்று வரவில்லை, மேடுபள்ளத்தில் தலை கூரையில் இடித்தது. நடுவரிசையை முன்னால் தள்ளினால் பின்னால் ஒரு மனுஷி மனுஷியாக உட்கார முடிகிற ஒன்று கிடைக்கும்வரை நான் இறங்கவில்லை. பழைய வண்டிக்கு விலை போட வந்த ஆள் கதவைத் தட்டிப் பார்த்து, கீறலையெல்லாம் எண்ணி, விலையைக் குறைத்துக்கொண்டே வந்தவன், பின்சீட்டின் நடு பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான். "இது மட்டும் புதுசாவே இருக்கே மேடம், இழுக்கவே வரமாட்டேங்குது. இங்க யாரும் உக்காந்ததே இல்லையா?" என்றான். இல்லப்பா என்றேன். வீட்டில் சிரித்தவர்களுக்கெல்லாம் அந்த பெல்ட்டே பதில்.

வண்டி வந்த அன்று சாயங்காலம் ஒரு சுற்று போவதாக ஏற்பாடு. நான் ஓட்டினேன், அப்பா பக்கத்தில், நடுவரிசையில் ஒரு ஓரம் தாத்தாவும் அவர் காலும், மறு ஓரம் சித்தப்பா, குறை கண்டுபிடிப்பதற்கென்றே வந்து ஜன்னலோரமாக ஏறிக்கொண்டார். அத்தை வழக்கம்போல கேட்டருகே. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வேண்டாம் என்றுதான் வரும், அந்த வார்த்தை அவளுக்கு அவ்வளவு பழகிவிட்டது. என்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். கிளம்பேன் என்றார் அப்பா. கிளம்பலாம், எல்லாரும் ஏறட்டும் என்றேன். எல்லாரும் ஏறியாச்சே என்றார். இல்லை என்றேன், திரும்பிப் பார்க்காமல். மதில் மேல் பேங்க் மேனேஜரின் முகம் வேறு. சித்தப்பாதான் தாங்கமுடியாமல், "அக்கா, பின்னாடி இடம் சும்மாதான் கெடக்கு. ஆனா உனக்குத்தான் ஒத்துக்காதே" என்றார். அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். "பின்னாடிதான்டா ஒத்துக்காது. ஜன்னல் ஓரம்னா வருவேன். நீ எந்திரி" என்றாள். நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சித்தப்பா முனகிக்கொண்டே மூன்றாவது வரிசைக்கு ஏறிப்போனார். அத்தை உட்கார்ந்து பெல்ட்டை ஒரே இழுப்பில் மாட்டிக்கொண்டு, "என்ன பாக்கறீங்க, வண்டிய எடு" என்றாள்.

புறவழிச் சாலை முழுக்க அவள் வாய் ஓயவில்லை. பிரேக்கை இப்படியா மிதிப்பாங்க, அந்த லாரிக்காரனுக்கு ஏன் வழி விட்ட, கண்ணாடிய இறக்கு, காத்து வரட்டும் என்று எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். தாத்தாவுக்குத்தான் பொறுக்கவில்லை, உனக்குத் தலை சுத்தலையாம்மா என்று கேட்டார். அவள் வெளியே பார்த்தபடியே, "இந்த வண்டி ஒத்துக்குதுப்பா" என்றாள். உடனே பின்னாலிருந்து சித்தப்பா, அதான் சஸ்பென்ஷன், பெரிய வண்டியில குலுங்காது, நான் அப்பவே சொன்னேன்ல என்று தொடங்கினார். அப்பாவும் ஆமாம் ஆமாம் என்றார். இப்போது தெருவெல்லாம் அந்த சஸ்பென்ஷன் புராணம்தான், வேண்டாம் என்ற ஒருவரையும் காணோம். பெருமை எல்லாம் ஸ்பிரிங்குக்கே போகட்டும், எனக்கு ஜம்பக்காரி பெயரே போதும், அதில் கொஞ்சம் சுகம்கூட இருக்கிறது.

வீட்டுக்கு வந்து எல்லோரும் உள்ளே போனபிறகு அவள் மட்டும் இறங்காமல் இருந்தாள். நான் கதவைத் திறந்தேன். ஏர்போர்ட்டில் எந்த வாசல் வழியாக வெளியே வருவார்கள் என்று கேட்டாள், "நான் பாத்ததே இல்லையே. கூட்டத்துல அவ கண்ணுக்கு நான் தெரிவேனா?" என்றாள்.

நீ லீவு கிடைக்குமோ கிடைக்காதோ என்று இழுத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு அந்தக் கதை வேண்டாம், கிடைக்கும்படி செய். உன் படிப்பும் வேலையும் உடம்பும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும், இங்கே எல்லோருடைய ஆசியும் உனக்கு உண்டு, ஆசி கீசியெல்லாம் நம்பாத என்னுடையதும். ஞாபகம் வைத்துக்கொள், இதைப் பற்றி அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது, அவளுக்குப் பழைய வண்டி ஒத்துக்கொள்ளவில்லை, புது வண்டி ஒத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் உனக்குத் தெரியும். வெளியே வந்ததும் முதலில் அவளைப் பார், அதற்கப்புறம் எங்களை. ஜன்னலோரம் கேட்காதே, சின்னவள் நீ, மூன்றாவது வரிசை உனக்கு, நானே உட்கார்ந்து பார்த்த இடம்தான். எத்தனை பெட்டி வேண்டுமானாலும் கொண்டுவா, இடம் போதாவிட்டால் பெட்டி டாக்சியில் வரும்.

இப்படிக்கு,
உன்னைக் கேட்காமல் வண்டி வாங்கிய
அம்மா