துண்டு சுற்றிய அன்னாசி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா நலம் என்று அவளே சொல்லிக்கொள்கிறாள், நீயும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் நல்ல வார்த்தை இவ்வளவுதான், மற்றதெல்லாம் கோபம். இப்போது சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்துவிட்டே ஆரம்பிக்கிறேன்.

நீ கிளம்பின அன்று, தின்று முடித்த அன்னாசியின் கொண்டையை மொட்டைமாடியில் டேங்குக்குப் பக்கத்து உடைந்த வாளியில் செருகிவிட்டு, முதல் பழத்தை நான்தான் வந்து அறுப்பேன், யாரும் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டாயே, அதில் பழம் வந்தே விட்டது. சாதாரணப் பழமா, அதன் கனத்தில் வீடே ஒரு பக்கம் சாய்ந்து, நான் கட்டிலிலிருந்து உருண்டு நேராகச் சமையலறையில் போய் விழுந்துதான் தினமும் காப்பி குடித்தேன். மேலே போன விமானங்களெல்லாம் இரண்டாவது சூரியன் என்று குழம்பித் திரும்பிப் போயின. நீ மட்டும் திரும்பவில்லை. அடுத்த வாரம் என்றாய், அதற்கடுத்த வாரம் என்றாய், லீவு இல்லை என்றாய்.

உன் அம்மா செய்த வேலையைக் கேள். அன்னாசி அடியிலிருந்துதான் மஞ்சளாகி வரும். நீ வீடியோவில் காட்டச் சொன்னபோதெல்லாம் அடிப்பாதியில் துண்டைச் சுற்றிவிட்டு, பச்சையாயிருந்த மேல்பாதியை மட்டும் காட்டி, இன்னும் காயாத்தாண்டி இருக்கு, நீ நிதானமா வேலைய முடிச்சுட்டு வா என்று கூசாமல் புளுகினாள். நீயும் பெரிய ஆபீசர், அப்படியே நம்பினாய். ஏன் இப்படிச் செய்தாய் என்று அவளைக் கேட்டால், அவளுக்கு அங்க என்ன நெருக்கடியோ, ஒரு பழத்துக்காகவா ஓடி வருவா என்று என் மேலேயே பாய்கிறாள். பழத்துக்காகவா உன்னை வரச் சொன்னோம்? கடைசியில் அடி கசிந்து, எறும்பு ஏறி, வாடை கீழே இறங்கி, கீழ்வீட்டுத் தையல்காரர் வந்து, மாமா, மாடியில என்ன காய்ச்சுறீங்க, எனக்கும் ஒரு கிளாஸ் எடுத்து வைங்க என்று கேட்கிற அளவுக்கு மானம் போயிற்று. நேற்று நானே கத்தியோடு போய் அறுத்துவிட்டேன். உன் உரிமையைப் பறித்தது நான்தான், சண்டை போட நேரில் வா. அடிப்பாதி புளித்துவிட்டது, மேல்பாதிதான் தேறியது, அதில் ஒரு துண்டு வாயில் போட்டதும் விழுந்த பல்லெல்லாம் மறுபடி முளைத்தது.

இனிமேல் டிக்கெட்டை எடுத்துவிட்டு அப்புறம் வருகிறேன் என்று சொல். வீடியோவில் உன் அம்மா காட்டுவதைப் பார்க்காதே, காட்டாததைக் கேள். அவள் முழங்கால் அந்த அன்னாசி அளவுக்கு வீங்கியிருக்கிறது, அதை மேஜைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டுதான் உன்னிடம் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். படிக்குப் படி உட்கார்ந்து மாடியேறித்தான் உன் வாளிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

வேளைக்குச் சாப்பிடு, நூறு வயது நன்றாக இரு. புதுக் கொண்டையை அதே வாளியில் நட்டுவிட்டேன், மறக்காதே. வீடு, விமானம், பல் எல்லாம் என் அளப்பு, தள்ளிவிடு. முழங்கால் மட்டும் நிஜம்.

கோபம் ஆறாத,
உன் அப்பா