எதிர்த்தரப்பின் மௌனம்

18-10-2023, புதன்கிழமை, மாலை 5.40
கடித எண் 3: நலமும் பேர வகுப்பும்

அன்பு மனைவிக்கு,

உன் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். நான் நலம். அறுபத்தேழு வயதில் பன்னாட்டு வணிகத்தில் இளநிலைப் பட்டம் எதற்கு என்று கேட்ட உன் தம்பியிடம், கணக்கியல் தேர்வில் வகுப்பிலேயே நான்தான் முதல் என்று தெரிவிக்கவும்.

நேற்று ஏற்றுமதிப் பேரம் பேசும் பயிற்சி நடந்தது. எங்கள் அணி விற்கும் தரப்பு. பேசும் பொறுப்பு எனக்கு. விலையைச் சொன்னேன். வாங்கும் அணியின் தலைவி பதில் பேசாமல் என்னையே பார்த்தாள். ஐந்து சதவீதம் குறைத்தேன். அப்போதும் பேசவில்லை. மேலும் குறைத்தேன்.

"பெரியவரே, அந்தப் பொண்ணு வாயே திறக்கலையே, நீங்களா எதுக்கு இறங்குனீங்க?" என்று அணித்தோழன் தலையில் அடித்துக்கொண்டான்.

"நாப்பது வருஷப் பழக்கம்ப்பா," என்றேன். ஆசிரியர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த சுற்றில் அவளிடம் அசைய மாட்டேன், வெற்றி உறுதி.

முதலாண்டு முடியும்வரை வீட்டுக்கு வருவதில்லை என்று நான் அறிவித்தது முதல், நீ தொலைபேசியை மருமகளிடமே கொடுத்துவிடுகிறாய். இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. ஆகவே 23-12-2023, சனிக்கிழமை வருகிறேன். மூன்று வாரம் தங்குவேன். இதுவும் போதாதெனில், நான் மேலும் இறங்குமுன் ஒரு வரியாவது எழுதவும்.

ஊசிநூலைப் பெட்டியில் எங்கே வைத்தாய் என்றும் தெரிவிக்கவும். ஆறு மணிக்குத் தபால் எடுத்துவிடுவார்கள், முடிக்கிறேன்.

உன் கணவன்

இணைப்பு:
1. பயணச்சீட்டின் நகல்.
2. மதிப்பெண் பட்டியலின் நகல் (உன் தம்பிக்கு).
3. என் விலாசம் எழுதிய உறை, உள்ளே வெற்றுத்தாள் ஒன்று.