ஒரே அண்டா, ரெண்டு அரிசி

14, வியாழன்

மத்தியானம் 2.47க்கு போன். கஞ்சிக்கோட்டு கம்பெனியில கியர்பாக்ஸைத் திறந்து போட்டு நிக்கறேன், கையெல்லாம் கிரீஸ். தர்காவுல சோறாக்குற பண்டாரி காஜா மாமு.

"மாப்ள, ஹஸ்ரத் ஆண்டு நினைவுச் சோத்துக்கு அரிசிப் பொறுப்பு உனக்குன்னு கமிட்டியில முடிவாயிருச்சு. சபியா பார்த்த வேலை. வேற யாருக்குத் தர்றது?"

சரிங்க மாமுன்னேன். ஊட்டுக்காரி சபியா என்னை விட்டு மவுத்தானதுல இருந்து யார் என்ன சொன்னாலும் சரிங்கதான்.

வெயில். சூடான காத்து.

பஸ்ல அவ நினைப்பு. தர்காவுல அடங்கியிருக்கற ஹஸ்ரத், மதரஸாவுல ஓதிக் குடுத்த காலத்துலயே வச்ச வழக்கம்: ஊட்டுக்கு ஒரு படி அரிசி, எல்லாம் ஒரே அண்டா, யாரோடதுன்னு பேர் சொல்லக் கூடாது. எங்களது பார்டர் ஊர். பாதி ஊட்டுல கேரளத்துச் செவப்பு மட்ட அரிசி, பாதி ஊட்டுல வெள்ளைப் பொன்னி. ஒண்ணாப் போட்டா பொன்னி குழையும், மட்ட கடிபடும். ஹஸ்ரத் சோறாச்சே, யாரும் வாயத் திறக்கறதில்ல. சபியாதான் ரெண்டு டிரம் வச்சா. மட்ட முதல்ல, பாதி வெந்ததும் பொன்னி.

மாமு அப்பக் குதிச்சாரு. "ஹஸ்ரத் சேர்க்கச் சொன்னாங்க, நீ பிரிக்கிறயேம்மா?"

"அண்டா ஒண்ணுதானுங்க மாமு. எறங்குற நேரந்தான் வேற."

15, வெள்ளி

லீவு. ஜும்மா முடிஞ்சு தர்கா. ஒரே டிரம். செவப்பும் வெள்ளையுமா கலந்து கெடக்கு.

பக்கத்து ஊட்டு நசீமா லாத்தா சிரிச்சுட்டே, "உனக்கு எதுக்கு தம்பி சிரமம்? ஹஸ்ரத் சொன்னபடியே ஒண்ணாக் கொட்டிட்டோம்."

மாமு: "விடு மாப்ள. இந்த வருசம் பழையபடி கடிச்சுத் தின்னலாம்."

கோவம் வந்துது. எத்தனையோ நாளைக்கப்புறம் ஏதோ ஒண்ணு வந்துது. இந்த வருசம் விட்டா அவ வழி அவ்வளவுதான், அடுத்த வருசம் யாரும் பிரிக்க மாட்டாங்க.

ரைஸ் மில்லுல சல்லடை கேட்டேன். முதல் சல்லடை, ரெண்டும் நின்னுருச்சு. அடுத்தது சரி. குண்டு மட்ட மேல, பொன்னி கீழ. மிச்சத்தை லாத்தாவும் பொம்பளைங்களும் முறத்துல போட்டுப் பொறுக்கினாங்க.

"இஞ்சினியர் மாப்ள நம்மள அரிசி பொறுக்க வச்சுட்டானே!"

"நீங்க கொட்டினதுதானுங்க லாத்தா."

எல்லாரும் சிரிப்பு. நானும் போல.

16, சனி. ஆண்டு

பாத்திஹா ஓதி ஆச்சு. மட்ட ஏத்தினோம். நான் சொல்ற வரைக்கும் மாமு பொன்னிக் கூடையத் தொடல. கடைசியில ஒரு பருக்கைய நசுக்கிப் பார்த்தாரு. இன்னொண்ணு. மூடியப் போடச் சொன்னாரு.

பந்தியில ஒருத்தர், "சோறு பிரமாதம், எந்த ஊட்டு அரிசிங்க?"

மாமு சத்தமா, "இது சபியா சோறு."

பேர் சொல்லிட்டாரு. தர்காவுல. மதரஸா உஸ்தாத் நிமிர்ந்து பார்த்தாரு, மறுபடி குனிஞ்சு சாப்பிட்டாரு.

அப்பறம் வரிசை முழுக்க அதேதான். "சபியா சோறு இன்னொரு கரண்டி வைங்க." இத்தனை நாளா என் முன்னாடி ஒருத்தரும் அவ பேரை எடுத்ததில்ல. 'பாவம் அந்தப் புள்ள'. அவ்வளவுதான். இன்னைக்கு ஊரே கூப்புடுது. நெஞ்சு நிமிர்ந்துது. என் பொண்டாட்டி.

ஊட்டுக்கு வந்து ஒரு தட்டு. பசிக்குது. கொழுந்தியா போன் பண்ணி அழுதா, சந்தோசத்துலதான். கோவிந்தாபுரத்துல இருந்து ரெண்டு பேரு கூப்பிட்டாங்க, அதே சபியா சோத்துப் பேச்சு. கம்பெனியில இருந்து ஒண்ணு. சோறு ஆறுது. போன ஆஃப் பண்ணிட்டேன்.