புடவைக் கடையில் நான்கு பாடங்கள்

எலவனாசூர்கோட்டையின் பட்டுப்புடவைச் சக்கரவர்த்தினியே, என் ஆசை அக்கா,

இங்கே எல்லாரும் சௌக்கியம். நீ நட்ட முருங்கை மட்டும் கேட்பாரில்லாமல் வளர்கிறது. போன வாரம் காய் பறிக்க ஏறினேன். இறங்கும்போது தலையில் மேகம் ஒட்டிக்கொண்டிருந்தது. உன் வீட்டுக்காரர் இப்போது சமைக்கிறார். அவர் ரசம் தாளிக்கும் வாடைக்குக் கல்வராயன் மலையே ஒரு பக்கமாகப் புரண்டு படுத்துவிட்டது என்று வெள்ளிமலை பஸ்ஸில் வருகிறவர்கள் சொல்கிறார்கள். நான் எதையும் கூட்டிச் சொல்கிறவன் இல்லை, உனக்கே தெரியும்.

பெரிய சேதி ஒன்று இருக்கிறது. உன் மகள் சங்கீதா மறுபடியும் படிக்கிறாள். கள்ளக்குறிச்சியில் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்து வேலையும் பார்த்துக்கொண்டு, வீட்டுக்கு வந்தபின் செல்போனிலேயே ஒரு முதுகலை. பல்துறைக் கலைக்கல்வி என்று பெயர். முதல் வருஷம் பந்தி இலை மாதிரி எல்லாவற்றிலும் ஒரு கரண்டி வைப்பார்கள். அடுத்த வருஷம் அந்த இலையில் ஏதாவது ஒன்றை மெயினாக எடுத்துக்கொண்டு, அதையே வயிறு முட்டத் தின்ன வேண்டும். பொது நிர்வாகம், சுற்றுச்சூழல், இலக்கியம், தத்துவம். இந்த நாலில் எது என்று கேட்டிருந்தார்கள். நம் வீட்டில் உலகப்போர் மூண்டது.

அவள் மனசு தத்துவத்தில். எங்கிருந்து வந்தது இந்தப் பைத்தியம் என்று கேட்டேன். மலையிலிருந்து ஒரு பெரியவர் ஓய்வூதியத்துக்காக அவளுடைய கவுன்டருக்கு வந்தாராம். உயிரோடு இருப்பதற்குச் சான்று வேண்டும் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு, "நான்தான் எதுர்க்க வந்து நிக்கறேனேம்மா, அது பத்தாதா?" என்று கேட்டாராம். ஆபீஸே சிரித்தது. இவளும் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தி அனுப்பிவிட்டாள். பெரியவர் மலை பஸ் ஏறிப் போய்விட்டார். அவருடைய கேள்வி மட்டும் பஸ்ஸைத் தவறவிட்டு இவள் மேஜையிலேயே உட்கார்ந்துவிட்டது.

"ஒருத்தர் இருக்காருன்றதுக்கு எது மாமா சாட்சி?" என்று என்னிடம் கேட்டாள். நான் அப்போது வடை தின்றுகொண்டிருந்தேன். வடையின் ஓட்டை வழியாக அண்டசராசரத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். பதில் அங்கேயும் இல்லை.

உன் வீட்டுக்காரர் ஒரே பிடியாக நின்றார். "நிர்வாகம் படிச்சா ஆபீஸ்ல மேல போவலாம். தத்துவம் படிச்சா காவி கட்டிக்கினு மலை மேலதான் போவலாம்."

"ஏம்ப்பா, எனக்குப் புடிச்சத படிக்கக் கூடாதா?"

"புடிச்சது இன்னா புடிச்சது? உங்கம்மா இருந்தா நிர்வாகம்தான்னு சொல்லியிருப்பா."

அவ்வளவுதான் அக்கா. உன் பெயர் விழுந்ததும் பெண் ஒடுங்கிப்போனாள். ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள், சாயங்காலத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். அன்று காலையில் வந்து, "நிர்வாகமே போட்டுர்றேன் மாமா. அம்மா சொல்லியிருப்பாங்கன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். சொல்லும்போது முகத்தைக் காட்டவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் கோமுகி அணை கொதித்து ஆவியாகியிருக்கும்; நல்லவேளை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ எந்தக் காலத்தில் எவளுக்கு 'இதை எடு' என்று சொன்னாய்? களமருதூர் வரைக்கும் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் முகூர்த்தப் புடவை எடுக்க உன்னைத்தானே வண்டி வைத்து அழைத்துப் போனார்கள்? நீ கடையில் உட்கார்ந்து கல்யாணப் பெண்ணிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்வாய்: "புடிச்சத எடுக்காத. வேணாங்கறத மடி." அவள் ஒவ்வொன்றாய் மடிக்க, நீ புடவையைப் பார்க்காமல் அவள் கையைப் பார்ப்பாய். எதைத் தடவிக்கொண்டே மடிக்கிறாளோ அதை உருவி எடுத்து அவள் மடியில் போடுவாய். எந்தப் பெண்ணாவது மாற்றித் தரச் சொல்லித் திரும்பி வந்தாளா?

"மாமா, அக்கா இன்னா சொல்லும்னு அக்காவயே கேட்டுரலாம், கெளம்புங்க" என்றேன். உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. இரண்டு பேரையும் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் தள்ளி, நேராக நீ எப்போதும் புடவை எடுக்கிற கடைக்குக் கொண்டுபோனேன். உனக்கு விரித்துக் காட்டியே முதுகு வளைந்த அதே விற்பனைக்காரர்தான் இன்னும் இருக்கிறார்.

"வாங்க, வாங்க! முகூர்த்தப் பட்டா? மாப்ள எந்த ஊருங்க?"

"மாப்ள கெடக்கறாரு. எம்.ஏ. படிப்புக்கு மெயின் பாடம் எடுக்கணும். நாலு எறக்குங்க."

சங்கீதா முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள். "மாமா, மானத்த வாங்காதீங்க!"

கம்பீரமான அரக்குப் பட்டு, இரண்டு விரற்கடை ஜரிகை: இதுதான் பொது நிர்வாகம் என்று அறிவித்தேன். கிளிப்பச்சை, சுற்றுச்சூழல். மயில் கழுத்துக் கலரில் உடம்பெல்லாம் பூ, இலக்கியம். தத்துவத்துக்கு மட்டும் கடையிலேயே அடக்கமான ஒரு சாம்பல் நிறப் பருத்திப் புடவை, ஓரத்தில் ஒற்றைக் கோடு. உன் வீட்டுக்காரர் பின்னால் பாரபட்சம் என்று சொல்லிவிடக் கூடாது பார்.

விற்பனைக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இந்தச் சுற்றுச்சூழல் சாயமே போவாதுங்க. நிர்வாகம் கொஞ்சம் வெயிட்டு ஜாஸ்தி, நாள் பூரா கட்டிக்கினு நிக்க முடியாது."

"புடிச்சத எடுக்காதம்மா, வேணாங்கறத மடி" என்றேன். உன் குரல் எனக்கு வரவில்லை. ஆனாலும் சங்கீதா நிமிர்ந்து பார்த்தாள்.

பச்சையைப் படக்கென்று மடித்தாள். மயில் கழுத்தைக் கொஞ்சம் யோசித்து மடித்தாள். மூன்றாவதாகச் சாம்பலை எடுத்தாள். மடித்தாள், ஓரம் சரியில்லை என்று பிரித்தாள். கோட்டோடு கோடு சேர்த்து நீவினாள். மறுபடி பிரித்தாள். கடையில் மின்விசிறிகூட மூச்சைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் அதையும் மடித்து, பச்சைக் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி ஓரமாக வைத்துவிட்டு, "நிர்வாகமே இருக்கட்டும்ப்பா" என்றாள்.

அவ்வளவுதான், என் ராஜதந்திரம் தோற்றது என்று நினைத்தேன்.

அப்போது உன் வீட்டுக்காரர் எழுந்தார். அரக்குப் பட்டை இழுத்து மடிக்க ஆரம்பித்தார். வாழ்நாளில் புடவை மடித்திராத மனுஷன். ஒரு முனை இவர் தோளில், ஒரு முனை விற்பனைக்காரர் கழுத்தில். சர்க்கஸ் கூடாரம் சரிந்ததுபோல் ஒரு பொட்டலம் கட்டித் தள்ளி வைத்தார்.

"ப்பா, இன்னா பண்றீங்க?"

"உங்கம்மா கூட பைய தூக்கிக்கினு எத்தினி கடை நின்னிருக்கேன்? அவ எதப் பாப்பான்னு எனக்குத் தெரியாதா?" சாம்பல் புடவையை எடுத்து அவள் மடியில் போட்டார். "அவ பேர நான் சொல்லியிருக்கக் கூடாது. நீ இதையே படி."

அவள் அழுதாள். அவர் விட்டத்தைப் பார்த்தார். நான் அழவில்லை, பட்டுத் தூசி கண்ணில் விழுந்து, என் பக்கம் மட்டும் லேசாக வெள்ளம் வந்தது. சங்கீதா அங்கேயே செல்போனை எடுத்துப் பதிவு செய்தாள். விற்பனைக்காரர் எட்டிப் பார்த்து, "தத்துவம் போய்ச் சேந்துருச்சுங்களா?" என்று கேட்டு, எல்லாருக்கும் டீ சொன்னார். பில் வருகிற நேரமாகப் பார்த்து, டீயில் சர்க்கரை கம்மி என்று சொல்லப் போய்விட்டேன். அது உன் வீட்டுக்காரர் கணக்கு.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் தூங்கிவிட்டார். சங்கீதா மெதுவாகச் சொன்னாள்: "மாமா, இன்னிக்கு அம்மா கடையில இருந்தாங்க. அப்பாவோட கையில இருந்தாங்க. இதுக்கு யாரு சான்று குடுப்பாங்க?"

எனக்கு இப்போதும் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா? நீ எதிரே வந்து நிற்கவில்லை. ஆனால் பத்தாது என்று என்னால் சொல்ல முடியவில்லை, அக்கா.

அவள் பட்டம் வாங்குகிற அன்றைக்கு அந்தச் சாம்பல் புடவையைத்தான் கட்டுவாளாம். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து, கல்வராயன் மலை எழுந்து நின்று எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு விசில் அடிப்பேன். பிறகு வீட்டுக்கு வந்து உன் போட்டோவுக்கு முன்னால் நடந்ததை நடந்தபடியே, ஒரு சொல்லும் கூட்டாமல் சொல்வேன். இது சத்தியம். அந்த ஒரு நாள் மட்டும்.

உன் பையைத் தூக்க எப்போதும் டிமிக்கி கொடுத்த,
உன் ஒரே தம்பி